ரீசார்ஜ் முடிந்தால் தூர்தர்ஷனும் நிற்க வேண்டுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் டீச்சர் பாடத்தை விடமாட்டார் என்று உங்களுக்கெல்லாம் என் மேல் ஒரு புகார் உண்டு, எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான். வெளியூரில் வேலை பார்க்கிறான், அம்மா இங்கே தாமலில் தனியாக இருக்கிறார். "டீச்சர், மாதப் பணம் கட்ட மறந்துட்டேன். டிவியில ஒண்ணுமே வரலையாம். சன் டிவி வராதது நியாயம், அது காசு கொடுத்துப் பார்க்கிறது. தூர்தர்ஷன் ஏன் வரல? அது கவர்மெண்டுதானே?" உடனே பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இந்தக் காலத்தில் தூர்தர்ஷன் பார்க்க யார் அழுகிறார்கள் என்று ஒருத்தி எழுதினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். இது நல்ல கேள்வி. பதிலை இரண்டு வரியில் குழுவில் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நம் ஊர் சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். அலை இங்கே வந்து சேரும்போது களைத்துப்போய்த்தான் வரும். அதனால் நம் ஊர் ஆன்டெனாவெல்லாம் பட்டணத்து ஆன்டெனாவைவிட உயரம். ஓட்டு வீட்டின் மேல் இருபது அடி இரும்புக் குழாய் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, பூஸ்டர் வைத்தால்தான் முகம் தெரியும். காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். காக்கா கூட்டமாக உட்கார்ந்தாலும் திரும்பிக்கொள்ளும். ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்ப, ஒருவர் வாசலில் நிற்க, ஒருவர் டிவி முன்னால் உட்கார்ந்து "வந்துச்சு, வந்துச்சு, ஐயோ போயிடுச்சு" என்று கத்த, அந்தச் செய்தி மூன்று வாய் மாறி மேலே போவதற்குள் படம் இன்னொரு முறை போய்விடும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒளியும் ஒலியும் வந்தால் தறிச் சத்தம் நிற்கும். வேறு எதற்கும் நிற்காத தறி அது. 1987இல் ராமாயணம் தொடங்கியது. பேசியது இந்தி, கேட்டவர்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனால் யார் எப்போது அழவேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் பழங்கதை பேசுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆன்டெனாவும் டிவியும் வாங்கியபின் யாருக்கும் எதுவும் கட்டவேண்டியதில்லை. ரேடியோவுக்கும் டிவிக்கும் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று இருந்தது. எண்பதுகளின் நடுவில் அதையும் எடுத்துவிட்டார்கள். கோபுரத்திலிருந்து அனுப்பியவருக்கு யார் வீட்டில் பார்க்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பண்ணையார் வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் ஒரே புள்ளி புள்ளிப் படம்தான். நிறுத்தவேண்டும் என்றால் ஊருக்கே நிறுத்தவேண்டும். ஒரு வீட்டை மட்டும் பொறுக்கி எடுத்து நிறுத்த முடியாது.

இனி கொஞ்சம் பாடம். அனலாக் என்றால் என்ன, டிஜிட்டல் என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் அலை வரைந்து விளக்கினால் பாதிப் பேர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தறியை வைத்துச் சொன்னால் மட்டும் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் தறியை வைத்தே சொல்கிறேன்.

என் தாத்தா காலத்தில் சேலையில் பூ வரவேண்டுமென்றால் இழைகளைத் தூக்கிக் கொடுக்கத் தனி ஆள் வேண்டும். எவ்வளவு தூக்கினார், எவ்வளவு வேகமாக விட்டார் என்பதெல்லாம் சேலையில் தெரியும். கை நடுங்கினால் பூவும் நடுங்கும். பிறகு ஜக்கார்டு வந்தது. பிரான்சில் லியோன் நகரத்துக்காரர் ஜக்கார்டு 1800களின் தொடக்கத்தில் உருவாக்கிய பொறி, பட்டுத் தறிக்காகவே பிறந்தது. அதில் அட்டை தொங்கும், அட்டையில் ஓட்டை இருக்கும். ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. நடுவில் பாதித் தூக்கல் என்று ஒன்று கிடையாது. ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். நீங்கள் டிஜிட்டல் என்கிறீர்களே, அது காஞ்சிபுரத்துக்காரர்களின் தலைக்கு மேலே பல தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும் விஷயம்தான்.

அனலாக் டிவியில் கேமரா பார்க்கும் வெளிச்சம் கூடினால் மின்னழுத்தம் கூடும், குறைந்தால் குறையும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே காற்றில் வரும். ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். வழியில் இரைச்சல் கலந்தால் அதுவும் படத்தில் சேரும், அதுதான் நாம் பார்த்த புள்ளி. டிஜிட்டலில் படத்தை எண்ணாக்கி, ஒன்றும் பூஜ்யமுமாக அனுப்புகிறார்கள். கொஞ்சம் அழுக்கு கலந்தாலும் பெட்டி அதைக் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும். அதனால் படம் பளிங்கு. அதோடு, முன் படத்திலிருந்து மாறாத பகுதியைத் திரும்ப அனுப்பவேண்டியதில்லை என்பதால் இடம் மிச்சம். அனலாக்கில் ஒரு சேனல் உட்கார்ந்த இடத்தில் டிஜிட்டலில் பத்துக்கும் மேல் உட்காரும்.

ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும். பழைய முறையில் அலை பலவீனமானால் படம் மெல்ல மெல்ல மங்கும். ஓர் இழை அறுந்தால் சேலையில் ஒரு கோடு தெரியும், ஆனாலும் அது கட்டிக்கொள்ளும் சேலைதான். டிஜிட்டலில் திருத்தக்கூடிய அளவு வரைக்கும் ஒரு குறையும் தெரியாது. அந்த அளவைத் தாண்டினால் படம் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்து நின்றுவிடும். பாதி முகம் பாதி செய்தி என்று எதுவும் கிடைக்காது. மழைநாளில் இதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

இதுவரை சொன்னதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. டிஜிட்டல் நல்ல தொழில்நுட்பம். 1979இல் அத்தி வரதர் எழுந்தருளியபோது இங்கிருந்து நடந்தும் மாட்டு வண்டியிலும் போய்ப் பார்த்தவர்கள் பார்த்தார்கள், முடியாதவர்கள் கதைதான் கேட்டார்கள். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாளும் செய்திச் சேனல்களில் பட்டின் கரை நிறம் வரை தெரிந்தது. நடக்கமுடியாத கிழவிகள் வீட்டுக் கூடத்திலிருந்தே கும்பிட்டார்கள். இதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும்.

என் சண்டை இன்னொன்றோடு. டிஜிட்டல் என்ற பெயரில் நம் வீட்டுக்குள் வந்தது இரண்டு பொருள். ஒன்று, படத்தை எண்ணாக்கும் வித்தை. இரண்டாவது, பூட்டு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்ததால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டோம்.

எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அதன்பின் கேபிள் ஒயர் புளியமரம் முருங்கை மரம் எல்லாம் தாண்டித் தெருத்தெருவாக ஓடியது. ஆன்டெனா இறங்கியது. (அந்த அலுமினியக் குழாய்களைப் பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் வீட்டு ஆன்டெனா மட்டும் வெகுகாலம் மாடியில் துணி உலர்த்தியது.) 2006 தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி இலவசம் என்று வாக்குறுதி கொடுத்தது, ஆட்சிக்கு வந்து 14 அங்குலப் பெட்டியை வீட்டுக்கு வீடு கொடுத்தது. 2007இல் அரசு கேபிள் நிறுவனம் பதிவானது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் அது மறுபடி உயிர்பெற்று மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் கொடுத்தது. எழுபது ரூபாய்! இன்று ஒருவேளை டிபன் சாப்பிட முடியாது.

அதே 2011 டிசம்பரில் டெல்லியில் கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தினார்கள். நாடு முழுவதும் நான்கு கட்டமாக அனலாக் கேபிளை மூடவேண்டும். முதல் கட்டம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை. கெடு 2012 அக்டோபர் 31. சென்னையில் மட்டும் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய் இழுத்தது. கிராமங்களுக்கான நான்காம் கட்டம் பலமுறை தள்ளிப்போய் 2017 மார்ச் 31இல் நின்றது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் வந்தது. அந்த செப்டம்பரிலிருந்து எடப்பாடி பழனிசாமி அரசு செட்டாப் பாக்ஸை விலையில்லாமல் கொடுத்தது. விலையில்லாமல் என்றால் நமக்குச் சொந்தம் என்று அர்த்தம் இல்லை. இணைப்பு வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கவேண்டும். இலவச டிவி நம்முடையது, இலவசப் பெட்டி நம்முடையது அல்ல. இந்த நுணுக்கத்தை அன்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்தச் சட்டம் சொல்லும் முறையின் பெயரைக் கவனியுங்கள். அது சொல்வது வெறும் டிஜிட்டல் முறை அல்ல, 'அட்ரசபிள்' டிஜிட்டல் முறை. முகவரி உள்ள முறை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். தலைமையிடத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்த எண்ணைத் தட்டினால் உங்கள் வீட்டில் மட்டும் படம் வரும், நிறுத்தினால் உங்கள் வீட்டில் மட்டும் நிற்கும். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆன்டெனா காலத்தில் எவராலும் செய்யமுடியாத காரியம்.

எதற்காக இந்தப் பூட்டு? அதற்கும் நியாயமான காரணம் உண்டு, மறைக்கக் கூடாது. அனலாக் காலத்தில் ஆயிரம் வீட்டுக்கு ஒயர் இழுத்த கேபிள்காரர் இருநூறு வீடு என்று கணக்குக் காட்டுவார். சேனல்காரருக்கு வரவேண்டிய பணம் வராது, அரசுக்கு வரி வராது. ஒயரில் இடம் எண்பது தொண்ணூறு சேனலுக்குத்தான் என்பதால், நல்ல இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதற்குத் தனி வியாபாரம் நடந்தது. பார்ப்பவருக்குத் தேர்வே இல்லை, கொடுத்ததைப் பார்க்கவேண்டும். பெட்டிக்கு எண் வந்ததும் வீடுகளை எண்ண முடிந்தது. இதெல்லாம் நல்லதுதான். காசு வாங்கும் சேனல் தன் சரக்கைப் பூட்டி வைப்பதில் தவறில்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்குவார், அது அவர் உரிமை.

ஆனால் பொதுக் குழாயையும் ஏன் பூட்டுகிறீர்கள் என்பதுதான் என் மாணவனின் கேள்வி.

சட்டத்தின் 8ஆம் பிரிவு, அரசு குறிப்பிடும் தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர் கட்டாயம் ஒளிபரப்பியே ஆகவேண்டும் என்கிறது. திருத்தப்பட்ட 4ஏ பிரிவு, எந்தச் சேனலானாலும் மறையாக்கம் செய்து, அதாவது பூட்டுப் போட்டுத்தான் அனுப்பவேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தூர்தர்ஷன் ஒயரில் வந்தே ஆகவேண்டும், ஆனால் மாதப் பணம் கட்டாதவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த நிகழ்ச்சி வாசல் வரை வந்து, கதவு திறக்காமல் நிற்கிறது.

2019 பிப்ரவரி 1 முதல் டிராய் புதுக் கட்டண முறை கொண்டுவந்தது. அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அதற்கு நூறு சேனல், அதில் தூர்தர்ஷன் சேனல்கள் கட்டாயம். மற்ற கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். பின்னால் நூறை இருநூறு ஆக்கினார்கள். காகிதத்தில் நல்ல யோசனை. அன்று நம் தெருவில் பாட்டிகளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து டிக் போடச் சொன்னார்கள். என் எதிர்வீட்டு அம்மாள், வயது எழுபத்தெட்டு, அறுபது வருடம் பாவு சுற்றியவர், பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதுல முருகன் வர்றது எதுன்னு பாத்து நீயே போட்டுடும்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டியலில் ஒரு தலைப்பு 'இலவச சேனல்கள்'. நம் தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல அதில் இருந்தன. இலவச சேனலைப் பார்க்க 153 ரூபாய் 40 காசு. தமிழ் படித்தவர்கள் இந்த 'இலவசம்' எந்த வகைப் பெயர்ச்சொல் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்த அம்மாளின் ரிமோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றல்ல, இரண்டு ரிமோட். ஒன்று டிவிக்கு, ஒன்று பெட்டிக்கு. எதையாவது தவறி அமுக்கினால் 'நோ சிக்னல்' என்று ஆங்கிலத்தில் மிதக்கும். அவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டி ரிமோட்டில் அமுக்கவேண்டிய மூன்று பொத்தானைச் சுற்றி மட்டும் சிவப்புப் பட்டு நூலைப் பசை போட்டு ஒட்டிவைத்துக்கொண்டார். மற்றது எதையும் தொடமாட்டார். கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டம் போட்ட எவரும் யோசிக்காததை அவர் ஒரு முழ நூலில் முடித்தார்.

மற்ற நாடுகளும் அனலாக்கை மூடின. பிரிட்டன் 2007 முதல் 2012 வரை பகுதி பகுதியாக மூடியது. எழுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆளை அனுப்பி, பெட்டியைப் பொருத்தி, எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுக்கத் தனித் திட்டம் வைத்தது. அமெரிக்கா 2009 ஜூன் 12 அன்று மூடியது. மாற்றுப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டாலர். ஜப்பான் 2011 ஜூலை 24 என்று நாள் குறித்திருந்தது. அந்த மார்ச்சில் சுனாமி அடித்ததால் இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை தள்ளிவைத்தது. வீடிழந்தவனிடம் போய்ப் பெட்டி மாற்று என்று சொல்லக்கூடாது என்ற அறிவு இருந்தது.

இந்த மூன்று நாட்டிலும் ஒரு பொது அம்சம். ஆன்டெனா வழியாக வந்துகொண்டிருந்த பொதுச் சேனல்கள் டிஜிட்டல் ஆனபின்னும் ஆன்டெனா வழியாகவே வந்தன. பிரிட்டனிலும் ஜப்பானிலும் பொது ஒளிபரப்புக்குக் கட்டணம் வாங்குகிறார்கள், உண்மை. ஆனால் கட்டாதவர் வீட்டுப் படத்தை எங்கிருந்தோ நிறுத்துவதில்லை.

நம் நாட்டிலோ ஆன்டெனா வழியை மூடியபோது யாருக்கும் தெரியக்கூட இல்லை. பிரசார் பாரதி தன் அனலாக் கோபுரங்களைப் படிப்படியாக அணைத்து 2022 மார்ச்சோடு வேலையை முடித்தது. எல்லைப்புறம் போன்ற ஐம்பது இடம் போல விட்டுவைத்தது. ஆண்டுக்கு நூறு கோடி ரூபாய் மிச்சம் என்று அரசுக் குறிப்பு சொன்னது. அதற்குப் பதிலாக ஆன்டெனாவில் டிஜிட்டல் தூர்தர்ஷனைச் சென்னை உட்பட 16 நகரங்களில் 2016இலேயே தொடங்கினார்கள். அதைப் பிடிக்கும் கருவியை நம் ஊரில் ஒரு வீட்டிலும் நான் பார்த்ததில்லை. 1975இல் வந்த அலை போன நாள் என்னவென்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு வெகு முன்பே எல்லாரும் ஒயருக்கு மாறியிருந்தோம்.

"டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே டீச்சர்" என்று சிலர் எழுதுவீர்கள், எதிர்பார்க்கிறேன். இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கியது, தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் மாதப் பணம் இல்லை. டிஜிட்டல், ஆனால் பூட்டில்லாத டிஜிட்டல். நான் சொல்வது நடக்கக்கூடியது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி அதுதான். ஆனால் அதில் இடம் ஏலத்தில் போகிறது. ஏலம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்திச் சேனல்காரர்கள். தமிழுக்கு டிடி தமிழ் (நம்ம பழைய பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயர் மாற்றினார்கள்), இன்னும் விரல்விட்டு எண்ணும்படி ஏதோ கொஞ்சம். பீகாரில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஃப்ரீ டிஷ் ஒரு முழுச் சாப்பாடு. தாமலில் அது ஊறுகாய். அதனால்தான் இங்கே மாடியில் அந்தத் தட்டைக் காண்பது அரிது.

சரி, ஒரு மாதம் டிவி வராவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? சீரியல் வராவிட்டால் மாமியார் மருமகள் சண்டை ஒன்று குறையும் என்று என் தம்பி சொல்வான். அவனுக்கு 2020ஐ நினைவூட்டுகிறேன்.

2019 ஆகஸ்ட் 26 அன்று தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் இனி கல்வி டிவியில் என்றார்கள். நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். கைப்பேசி இல்லாத வீட்டிலும் 14 அங்குல இலவச டிவி இருக்கும் அல்லவா? ஆனால் அதே மாதங்களில்தான் பட்டு வியாபாரம் படுத்தது. கல்யாணம் இல்லை, கடை இல்லை, முதலாளியிடமிருந்து பாவு வரவில்லை. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் தறி நின்றது. தறி நின்ற அடுத்த மாதம் பெட்டியும் நின்றது. அரிசி வாங்குவாரா, ரீசார்ஜ் செய்வாரா? அந்த மூன்று வீட்டிலும் பிள்ளைகள் ஐந்து பேர், அதில் இருவர் பத்தாம் வகுப்பு போகவேண்டியவர்கள். அரசாங்கம் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது, பாடம் ஒயர் வழியாக வீட்டுச் சுவர் வரைக்கும் வருகிறது, அரசாங்கம் கொடுத்த டிவி உள்ளே இருக்கிறது. நடுவில் ஓர் எண் அணைந்திருக்கிறது.

ஐந்து பேரையும் முகக்கவசம் போட்டு எங்கள் திண்ணையில் இடைவெளி விட்டு உட்கார வைத்து, டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். கிட்டத்தட்ட 1980க்கே திரும்பிப் போனோம், ஊருக்கு ஒரு டிவி. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இப்போது நர்சிங் முடிக்கப் போகிறாள். ஆனால் திண்ணையும் ஓய்வூதியமும் உள்ள டீச்சர் எல்லாத் தெருவிலும் இருக்கமாட்டார்.

பூட்டு ஓரிடத்தில் இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 நவம்பரில் மென்பொருள் தகராறில் மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான அரசு கேபிள் பெட்டிகள் சில நாட்கள் ஓடவில்லை, பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் வீட்டிலும் இருட்டு. ஆன்டெனாவைக் காக்கா திருப்பியிருந்தால் ஏறிச் சரிசெய்திருப்போம்.

புயல், வெள்ளம் வரும்போது எச்சரிக்கை கேட்க டிவி வேண்டும் என்ற வாதத்தை நான் பெரிதாக வைக்கமாட்டேன். புயலில் முதலில் போவது கரண்ட், அப்புறம் எந்தப் பெட்டி இருந்தென்ன? அதற்கு பேட்டரி ரேடியோதான். ஆனால் ஏரி நிரம்புகிறது, கலங்கல் வழிகிறது, தாழ்வான பகுதிக்காரர்கள் மேடேறுங்கள் என்று புயலுக்கு முந்தின நாள் சொல்கிறார்களே, அது எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். மாதப் பணம் கட்டிய வீட்டுக்கு மட்டும் அல்ல.

"எல்லார் கையிலும் மொபைல் இருக்கிறது, டிவியே ஒழியப் போகிறது" என்பது இளையவர்கள் வாதம். அந்த மொபைலுக்கும் மாதா மாதம் ரீசார்ஜ்தானே? பூட்டு மாறியது, அவ்வளவுதான். டேட்டா இல்லாமல் நேரடியாக மொபைலுக்கே ஒளிபரப்பும் முறையைக் கான்பூர் ஐஐடியோடு சேர்ந்து பிரசார் பாரதி சோதித்துப் பார்க்கிறது. வந்தால் நல்லது. அது வரும்போதாவது, பூட்டு யாருக்கு, திறந்த கதவு யாருக்கு என்று முதலிலேயே கேட்டு வைக்கவேண்டும். செட்டாப் பாக்ஸ் வந்தபோது நாம் படம் எவ்வளவு தெளிவு என்று பார்த்தோமே தவிர ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கேபிளை இலவசமாகக் கொடு என்று கேட்கவில்லை. ஒயர் இழுத்துக் கம்பத்தில் ஏறும் தம்பிக்கு அவன் கூலி வேண்டும், அவன் நிலைமையும் இப்போது மோசம்தான், மாதா மாதம் இணைப்பு குறைந்துகொண்டே போகிறது என்று புலம்புகிறான். கட்டணச் சேனல் கட்டணத்தோடே இருக்கட்டும். ஆனால் 4ஏ பிரிவில் ஒரு வரி விலக்கு போதும். டிடி தமிழ், மாநிலக் கல்வித் தொலைக்காட்சி, செய்தி சொல்லும் தூர்தர்ஷன் சேனல் ஒன்று, இந்த நாலைந்தை மறையாக்கம் செய்யாமல் ஒயரில் அனுப்பட்டும். பெட்டி வீட்டில் இருக்கும்வரை, ரீசார்ஜ் முடிந்தாலும் அவை மட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும். மாநில அரசு தன் பங்குக்கு ஃப்ரீ டிஷ்ஷில் தமிழுக்கு இன்னும் இடம் கேட்டு வாங்கலாம். தட்டு ஆன்டெனாவை டிவியிலேயே நேராகச் செருகும்படி, தனிப் பெட்டி தேவைப்படாத டிவிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரநிலை வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட டிவி கடைக்கு வந்தால் அந்த எதிர்வீட்டு அம்மாளுக்கு ஒரு ரிமோட் குறையும்.

இதை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒன்று, டிராய்க்கு ஒன்று, நம் தொகுதி எம்.பி.க்கு ஒன்று. இங்கிலீஷ் பிரதியை ஒருமுறை படித்துத் திருத்தித் தர வக்கீல் ஆன என் மாணவர்களில் யாராவது முன்வரவேண்டும், மூன்று பேர் இருக்கிறீர்கள், யார் யார் என்று எனக்குத் தெரியும். கேபிள் துறையில், சேனலில், தலைமுனையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவர்கள் ஒன்று சொல்லுங்கள்: பெட்டி அணைந்த நிலையிலும் பூட்டில்லாத சேனலை அது காட்டுமா, அதற்குப் பெட்டியின் மென்பொருளில் ஏதாவது மாற்றவேண்டுமா? தெரிந்தவர்கள் மட்டும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தெரியாதவர்கள் லைக் போட்டால் போதும்.

கேள்வி கேட்ட பையனுக்கு: நேற்று சாயந்திரம் போய்ப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு இந்த மாதத்துக்கு நான் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் ஞாபகமாகக் கட்டு.